அறுபத்து நான்கு கிலோ வித்தியாசம்

மதியம் இரண்டு பத்துக்கு, திரையின் வலது பாதியில் இருந்த புள்ளிக்கோடு ஓரிடத்தில் சட்டென்று கீழே இறங்கியிருந்தது.

மஸ்லினா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். பதினேழு வருடங்களாக இந்த அறையில் உட்கார்ந்து கொழுப்பு அமில ஆலையை ஓட்டுகிறவள். ஆலையில் எல்லோருக்கும் அவள் காக் மஸ், மூத்த அக்கா. திரையின் நடுவே செங்குத்தாக ஓடும் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது நடந்து முடிந்தது. வலப்பக்கம் புள்ளிகளாக இருப்பது இனி ஒன்றரை மணி நேரத்தில் நடக்கப்போவது. கம்பெனி ஆறு மாதங்களுக்கு முன் வாங்கிப் போட்ட முன்கணிப்புக் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எதிர்காலத்தை வரைந்து, அதற்கேற்ப நீராவியையும் பம்புகளையும் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இறங்கியிருந்தது நான்காம் தொட்டியின் எடைக்கோடு. மூன்று இருபத்தைந்துக்குத் தொட்டியின் எடை ஒரே படியாகக் குறையும் என்றது அது.

பம்பு ஒரே வேகத்தில் ஓடியது. அடைப்பான்கள் எல்லாம் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தன. எடை குறைவதற்கு ஒரு காரணமும் இல்லை.

வெளியே பாசிர் கூடாங் தொழிற்பேட்டை முழுவதும் ஜெரெபு புகையில் மூழ்கிக் கிடந்தது. சுமத்ராவில் எரியும் காட்டின் நாற்றம் இரட்டைக் கதவுகளையும் தாண்டி உள்ளே வந்து, ஆலைக்கே உரிய பழைய சோப்பு வாசனையோடு கலந்து, ஏசிக் குளிரில் ஈரத்துணிபோல் முகத்தில் படிந்தது. சன்னல் இல்லாத அறை. பக்கத்து நாற்காலிக்காரன் இருமல் என்று மருத்துவ விடுப்பில் போய்விட்டான். கூரைக்குள் காற்றுக்குழாய் விட்டு விட்டு முனகியது.

வெளிவேலையில் இருந்த ஹைகலை வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, நான்காம் தொட்டிப் பக்கம் யாராவது குழாய் மாட்டுகிறார்களா என்று கேட்டாள். எண்ணெய் திருடுகிற லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவர்களும் உள்ளேயே இருக்கிறார்கள். யாரையும் நம்புவதற்கில்லை.

"ஒரு ஈ காக்கா இல்ல, காக்," என்றான் ஹைகல். "ஒரே புகை. எங்க மாமியார் மீன் சுடுற நாள் மாதிரி இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் மிஸ் சியூவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். சியூ கோலாலம்பூரில் இருந்தாள். அங்கிருந்தே கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படி வர வாய்ப்பே இல்லை என்றாள். அடைப்பான் திறந்தால் எடை என்னவாகும், பம்பு வேகம் கூடினால் என்னவாகும் என்று பழக்கிவைத்த கணக்குகள்தான் கருவிக்குத் தெரியும். ஒன்றுமே அசையாதபோது ஒரு படியை அது தானாக வரையாது. யாராவது உள்ளே புகுந்து கணக்கை மாற்றியிருந்தால்தான் உண்டு. கடவுச்சொல் இரண்டு பேரிடம் மட்டுமே இருந்தது. ஒருவர் சியூ. இன்னொருவர் ஷிப்டு மேற்பார்வையாளர் ஜம்ரி.

மஸ்லினா அந்தப் பெயரை மனத்துக்குள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். ஜம்ரி காலையிலிருந்து அலுவலகக் கட்டடத்தில் கூட்டம் என்று போனவர், ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு காக்," என்றாள் சியூ, குரலைத் தாழ்த்தி. "கணக்குப்படி தொட்டில இருக்கவேண்டிய எடைக்கும், நிஜமா இருக்கிறதுக்கும் வித்தியாசம் எப்பவும் ரெண்டு மூணு கிலோ ஓடும். வரும், போகும். இதுல செப்டம்பர் ஒன்பதாம் தேதியிலேருந்து அறுபத்து நாலு கிலோ அப்படியே நிக்குது. எடைமானி கெட்டிருக்கும்னு ஜம்ரிகிட்ட பாக்கச் சொன்னேன். பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்குன்னார்."

இப்போது வரைந்திருக்கும் படி எவ்வளவு என்று மஸ்லினா கேட்டாள். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. பிறகு அது நின்றது.

"அறுபத்து நாலு," என்றாள் சியூ.

செப்டம்பர் ஒன்பது. அன்றைக்கு நான்காம் தொட்டியின் மேல்மூடியைக் கழற்றியிருந்தார்கள், உள்ளே ஒரு அளவுமானியை மாற்றுவதற்காக. பக்கத்துக் குழாயில் வெப்பக் காப்புத் துணி சுற்றிக்கொண்டிருந்தவன் சுகிமான். இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன். மதிய உணவுக்கு அவன் இறங்கி வரவில்லை. ஓடிவிட்டான் என்றார் ஜம்ரி. ஜொகூர் முழுக்க இப்படி ஓடுகிறவர்கள்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஒப்பந்தக்காரர் குடிநுழைவு அலுவலகத்தில் புகார் எழுதிக்கொடுத்தார். ஓடியவனின் பாஸ்போர்ட் மட்டும் அவருடைய மேசை இழுப்பறையிலேயே இருப்பதாகக் கேன்டீனில் யாரோ சொல்ல, அது ஒரு பேச்சாக வந்து போயிற்று.

குட்டையான ஆள். அறுபது, அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கமாட்டான்.

அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஜம்ரியின் பெயர் எங்கேயாவது இருக்கும். மறைத்திருப்பார், அழித்திருப்பார், ஏதாவது ஒரு தடம் விட்டிருப்பார். அன்றைய எச்சரிக்கை வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். நூற்றுக்கணக்கில் இருந்தன. பதினொன்று நாற்பத்தெட்டில் நின்றாள்.

நான்காம் தொட்டி, திடீர் எடை மாற்றம். நேரம் 11:48:06.

எச்சரிக்கை பார்க்கப்பட்டு நிறுத்தப்பட்டது. நேரம் 11:48:09. நிறுத்தியவர்: மஸ்லினா.

மூன்று வினாடி.

அந்த மூன்று வினாடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மணி அடித்திருக்கும். கை தானாகப் போய் அமுக்கியிருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அமுக்குகிற விரல். அப்போது எழுந்திருந்தால், ஹைகலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்... அவள் அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜம்ரியைத் தொலைபேசியில் பிடித்தபோது இரண்டு ஐம்பது.

"பழைய ரெக்கார்டை யார் உன்னைப் பாக்கச் சொன்னது, மஸ்?" என்றார் அவர். கோபமாக இல்லை. களைத்துப்போன குரல்.

"மூடிய யாரு போட்டது, என்சிக் ஜம்ரி?"

"நான்தான். பதினாறு போல்ட்டையும் நானே முடுக்கினேன்."

"போடறதுக்கு முன்னால உள்ள பாத்தீங்களா?"



"எண்பது டிகிரி," என்றார் ஜம்ரி. "ஆவியா வருது. உள்ள என்ன தெரியும்?" தொடர்பு அறுந்தது.

திரையில் வேறொன்று மாறிக்கொண்டிருந்தது. பம்பின் வேகத்தைக் கருவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தது. அரை சதவீதம். இன்னொரு அரை. அது அப்படித்தான் செய்யும். வரப்போவது தெரிந்தால் வருவதற்கு முன்பே இடம் செய்து வைக்கும். மழை தெரிந்து துணியை உள்ளே எடுப்பதுபோல, பதற்றம் இல்லாமல், நிதானமாக, அது தயாராகிக்கொண்டிருந்தது.

மூன்று ஐந்துக்கு அவள் கருவியை அணைத்தாள். பச்சை விளக்கு போயிற்று. புள்ளிக்கோடுகள் எல்லாம் மறைந்து, திரையின் வலது பாதி வெறும் கறுப்பாக நின்றது. ஆலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். வரைந்தது யாராக இருந்தாலும், கருவியே இல்லாதபோது என்ன நடந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஹைகலைத் தொட்டிப் பக்கத்திலிருந்து விலகி, பம்புக் கொட்டகைக்குப் போகச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். போ என்று மட்டும் சொன்னாள்.

மூன்று இருபது.

காற்றுக்குழாய் முனகுவதை நிறுத்தியிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மூன்று இருபத்து மூன்று. எடை ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஆறாயிரத்து நூற்றுப் பதின்மூன்று. பன்னிரண்டு.

இருபத்து நான்கு.

எண் நடுங்கியது. ஏறியது, இறங்கியது. தராசின் மேல் ஏறி நிற்கிறவன் கால் மாற்றி வைப்பதுபோல.

இருபத்தைந்து.

ஆறாயிரத்து நாற்பத்தெட்டு.

மணி அடித்தது. அவள் விரல் விசைக்கு மேலே வந்து அப்படியே நின்றது. இந்தத் தடவை அமுக்கவில்லை. அடிக்கட்டும் என்று விட்டாள். சுவரெங்கும் மோதி மோதி அது அடித்துக்கொண்டே இருந்தது. எல்லா அடைப்பான்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. எடை ஆறாயிரத்து நாற்பத்தெட்டிலேயே நின்றது. இனி நடுக்கமும் இல்லை.

"ஹைகல்," என்றாள். "எங்க இருக்க?"



"தொட்டிக்குக் கீழ, காக். ஏதோ விழுந்த மாதிரி சத்தம் கேட்டுது. அதான் வந்துட்டேன்." அவன் குரலில் விளையாட்டு இல்லை. "மேல மூடி போட்டபடிதான் இருக்கு. போல்ட்டெல்லாம் இருக்கு. ஆனா ஏணிப் படியெல்லாம் வெள்ளையா இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. தொட்டிக்குள் தண்ணீர்போல் கிடக்கும் அமிலம் வெளிக்காற்று பட்டால் மெழுகாக உறைந்துவிடும்.

"கசிவா?"

"இல்ல. படிக்கு ஒண்ணா இருக்கு. ஒரு படில இடது. அடுத்ததுல வலது. கால், காக். வெறுங்கால். மேலேருந்து இறங்கி வந்திருக்கு."

"அங்கேருந்து வா. உடனே வா."

"தரையிலயும் இருக்கு. வழி முழுக்க இருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு படாம, நேரா போயிருக்கு." மணிச் சத்தத்தில் அவன் குரல் மங்கியது. "காக், பின்னாலேயே வந்தேன், உங்க கட்டடத்துக்குத்தான் வந்திருக்கு. முதல் கதவு கைப்பிடியெல்லாம் மெழுகு. உள்கதவு பூட்டியிருக்கா?"

அவள் நாற்காலியைத் திருப்பவில்லை. கழுத்தை மட்டும் மெதுவாகத் திருப்பினாள்.

உள்கதவு சாத்தியிருந்தது. அதன் கைப்பிடியிலிருந்து வெண்மையாக ஏதோ வழிந்து, பாதியில் உறைந்து தொங்கியது. கதவடியிலிருந்து சாம்பல்நிறத் தரைவிரிப்பின் மேல் வெள்ளைத் தடங்கள். சிறிய, குட்டையான பாதங்கள். அலமாரியைச் சுற்றி, பக்கத்து நாற்காலியைத் தாண்டி.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசித் தடங்கள் இரண்டும் அவள் நாற்காலிக்குப் பின்னால் சேர்ந்து நின்றன. விரல்கள் அவள் பக்கம் பார்த்திருந்தன. அவை மட்டும் இன்னும் வெளுக்கவில்லை. கண்ணாடிபோல் தெளிந்து, ஈரமாக, ஆவி விட்டபடி, சொட்டச் சொட்டப் பெரிதாகிக்கொண்டிருந்தன.