அறுபது ஹெல்மெட்டுகள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, விளையாட்டுத் துறை இயக்குநர் ரோலண்ட் ஹாஸ்க் தொப்பியைக் கழற்றாமலே பல்கலைக்கழகக் காவல் அறைக்குள் நுழைந்தார்.

"வெர்னா, ஹெல்மெட் அறுபதும் காணோம். பன்னிரண்டு மணிக்கு பஸ்!"

பல்கலைக்கழகக் காவலுக்கு வருமுன் வெர்னா லிண்ட்குவிஸ்ட் முப்பது வருடம் கவுண்டி போலீஸில் துப்பறிந்தவர். காபியைக் கீழே வைத்தார். "வேற யார்கிட்டயாவது வாங்கி ஆட முடியாதா?"

"ஒவ்வொண்ணும் அந்தந்தப் பையன் தலைக்கு அளந்து போட்டது. நாளைக்கு ஆடலேன்னா நாலு லட்சம் டாலர் போச்சு. அது போனா பெண்கள் ஓட்ட அணியைக் கலைச்சாகணும், நீச்சல் அணியைக் கலைச்ச மாதிரி."

அந்த நாலு லட்சம் எதற்கென்று ஊருக்கே தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் எங்கள் அமெரிக்கக் கால்பந்துப் பையன்கள் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போய், எண்பதாயிரம் பேர் முன்னால் அடி வாங்கித் தோற்றுவிட்டு வருவார்கள். அதற்கு அந்தப் பல்கலைக்கழகம் தரும் கூலி.

சாமான் அறையின் பூட்டு சேதமில்லாமல் இருந்தது. "பக்கத்து ஊர்ப் பசங்கதான் மேடம்! நம்ம அணியோட சின்னம், அந்த ஆட்டுச் சிலைக்கு பெயிண்ட் அடிச்சவனுங்க!" என்று துள்ளினார் பூட்டுக்காரர் டெல்மர்.

"அவனுங்களுக்கு நீங்களா சாவி செஞ்சு குடுத்தீங்க?"

டெல்மர் பூட்டை மறுபடி தடவிப் பார்த்தார்.

முப்பத்தொரு வருடமாகச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓடிஸ் கிரேடி, சலவை இயந்திரத்தில் துணி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கறுப்புக் காலணிகளில் சுண்ணாம்புப் பொடி. "நேத்து பயிற்சி முடிஞ்சு பசங்க வெச்சதை வெச்சபடியே பூட்டிட்டுப் போனேன். காலைல ஆறு மணிக்கு வந்தா அலமாரி காலி."

வெர்னா குப்பைக்கூடைக்குள் கைவிட்டார்.

"டிபன் தேடறீங்களா மேடம்?" என்றார் டெல்மர்.

வெளியே வந்தது, பந்தாகச் சுருட்டிய வெள்ளை ஒட்டுப்பட்டை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பையனின் பெயர். பயிற்சியின்போது ஹெல்மெட்டின் நெற்றியில் பெயர்ப் பட்டை இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பும் காலையில் ஓடிஸ் அதை உரித்துவிடுவார்.

வெர்னா ஓடிஸின் காலணிகளைப் பார்த்தார். "டெல்மர், மூடிக் கிடக்கிற பழைய நீச்சல் குளத்துச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு, இவர்கிட்ட ஒண்ணு."

தண்ணீரில்லாத குளத்தின் ஆழமான பக்கத்தில், உதிர்ந்த சுண்ணாம்புக்கு மேல் துண்டு விரித்து, பத்துப் பத்தாக ஆறு வரிசை. எல்லாம் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது.

"திருடறவன் பட்டையை உரிப்பானா ஓடிஸ்? ஆட்டத்துக்குத் தயார் பண்ற கை இது. வெச்சபடியே பூட்டினேன்னு சொன்னீங்க. அப்போ பட்டை எப்படிக் கூடைக்கு வந்தது? உங்க ஷூவுல இருக்கிறதும் இந்தச் சுண்ணாம்புதான்."

ஓடிஸ் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். "ஒளிச்சு வைக்கத்தான் எடுத்தேன். கை பாட்டுக்கு உரிச்சுத் துடைச்சிடுச்சு." காலணியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். "போன வருஷம் அந்த மைதானத்துல தலையில அடிபட்டு விழுந்த பையன் கேலப்போட ஹெல்மெட்டுல முகக்கம்பியை வெட்டி எடுத்தது நான். இன்னைக்கும் அவனுக்கு அவங்கம்மா பேரு சட்டுனு வரமாட்டேங்குது."

"ஓடற பொண்ணுங்க இருபத்திரண்டு பேர், ஓடிஸ்."

"தெரியும். அவங்க துணியையும் நான்தான் துவைக்கிறேன்."

மணி பத்தேகால். பன்னிரண்டு மணிவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பஸ் கிளம்பாது என்று வெர்னாவுக்குத் தோன்றியது. டெல்மர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா போனை எடுத்து ஹாஸ்கை அழைத்தார். ஹெல்மெட்டுகளை பஸ்ஸில் ஏற்றியதும் ஓடிஸ்தான்.

எழுபதுக்கு மூன்று என்று தோற்றார்கள். பணம் வந்தது.

திங்கட்கிழமை காலை பெண்கள் வழக்கம்போல மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். சாமான் அறை வாசலில் வெர்னா நின்றார். ஓடிஸ் புதுப் பட்டைகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். முகக்கம்பி வெட்டிய ஹெல்மெட்டுகள் இரண்டு அலமாரியில் தனியே இருந்தன. ஐம்பத்தெட்டு ஒட்டியதும் பேனாவை மூடி வைத்தார்.