பதினான்காம் வளைவு

மலையிறக்கத்தின் பதினான்காம் வளைவில் மட்டும் வண்டிகள் ஏன் விழுகின்றன என்று இன்பவல்லிக்குப் பிடிபடவில்லை. கண்வழி என்ற அந்த இருசக்கர வண்டியை வடிவமைத்தவளே அவள்தான். தலைக்கவசத்துக்குள் இருக்கும் பார்வைமானி ஓட்டுபவரின் கண்ணைப் பின்தொடரும். அவர் பார்க்கும் திசையில் வண்டி தானே சாய்ந்து திரும்பும். வளைவுக்கு முன்பே வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். பயத்தில் பிரேக்கைப் பிடிப்பதும் கைப்பிடியை வெட்டித் திருப்புவதும் கைகள் செய்கிற கோளாறு என்று சொல்லி, பிரேக், கைப்பிடி இரண்டையும் வண்டியிலிருந்து எடுத்துவிட்டாள். வளைவு முடிந்து சாலை வெளியேறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

போன மாதம் அவள் தம்பி தணிகை அங்கேதான் விழுந்து செத்தான். அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, சோறு இறங்கவில்லை. விசாரணை முடியட்டும் என்று அலுவலகத்தில் சொன்னதைக் காதில் வாங்காமல் மலையேறி வந்து, வளைவின் ஓரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

பத்துப் பன்னிரண்டு வண்டிகள் போனபிறகுதான் உறைத்தது. பள்ளத்தை ஒட்டிய வெளிவிளிம்பில் முனியப்பன் சாமி வேலோடு சிலையாக நின்றார். வருகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். வண்டியும் அந்த நொடி அவர் பக்கம் சாய்ந்தது. சட்டென்று கண்ணை எடுத்தவர்கள் தப்பினார்கள். தணிகை எதையும் நிதானமாகக் கும்பிடுகிறவன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கும்பிட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லும்படி பூசாரி முத்தானிடம் கேட்டுக்கொண்டாள்.

“ஏனுங்க அம்மணி, சாமியப் பாக்காம எப்புடிங்க போறது? கண்ணு தானாத் திரும்புமுங்க.”

“அப்ப சாமிய நகத்துங்க.”

முத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு சாமியிடம் பூவாக்குக் கேட்டு, சிலைமேல் வைத்த பூ நல்லபடியாக விழுந்ததும் சம்மதித்தார். முனியப்பன் வளைவு முடியும் இடத்துக்குக் குடிபோனார். இப்போது கும்பிடக் கண்ணைத் திருப்பினாலே வண்டி பத்திரமாக வளைந்து வெளியேறியது. அதன்பிறகு ஒருவரும் விழவில்லை. இன்பவல்லி பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினாள்.

மலையில் நடந்த பாராட்டுக்கூட்டம் முடிந்து, சால்வையைப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் கண்வழி வண்டியில் மலையிறங்கினாள். பதினான்காம் வளைவு வந்தது. வண்டி தானாக வேகம் குறைத்தது.

முனியப்பன் காலிசெய்த இடத்தில் தணிகையின் நண்பர்கள் அவள் கூட்டத்தில் இருந்த நேரத்தில்தான் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆள் உயரத்துக்குத் தணிகை சிரித்துக்கொண்டிருந்தான்.

வளைவு முடிகிற இடத்தைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்வை அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. இல்லாத கைப்பிடியைக் கைகள் தேடின. வண்டி, அவள் பழக்கியபடியே, மறுபேச்சில்லாமல் தம்பியின் பக்கம் சாய்ந்தது.