7.1.4 இல்லாத வரிகள்

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

வாட்ச்மேனின் அலறல் ஐந்து மாடிக்கும் கேட்டது.

மொட்டைமாடியிலிருந்து விழுந்து, கார்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தான் மச்சான். மூச்சு இல்லை!

கம்ப்யூட்டர் பிரிவில் 'புலி' என்று பெயர் வாங்கியவனின் மச்சான். புலியின் மனைவிக்கு அண்ணன். பக்கத்து நாற்காலிக்காரன்.

லட்சம் வரி உள்ள ஃபைலில் எந்த வரியைக் கேட்டாலும், கறுப்புத் திரையில் 'க்ரெப்' என்று ஒரு கட்டளை தட்டி, கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துக் கொடுப்பானாம் புலி. ஆபீஸே மெச்சும்.

தட்டியது என்னவோ மச்சான்தான். மெச்சல் மட்டும் புலிக்கு!

இன்ஸ்பெக்டரம்மா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நேராகப் புலியிடம் வந்தாள்.

"மாடிக் கதவு கார்டு தேய்ச்சாதானே திறக்கும்?"

"ஆமா மேடம். யார் தேய்ச்சாலும் அந்தக் கதவோட லாக்ல, அதாவது யார் எப்போ போனாங்கங்கிற பதிவு ஃபைல்ல, ஒரு வரி விழும்."

"அதை எடுத்துக் குடுங்க. நீங்கதான் இதுல கில்லாடின்னு எல்லாரும் சொல்றாங்களே!"

புலிக்கு முகம் சுருங்கியது.

காலையில் மாடியில் மச்சான் சொன்னது காதில் ஒலித்தது. "தங்கச்சிக்காகத்தான் மாப்ளே இத்தனை நாளும் உங்க வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். இனிமே முடியாது. இன்னிக்கே மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

மானம் போகப் போகிறது என்ற பயம்... ஒரே தள்ளு!

தன் அறைக்கு ஓடினான். மச்சான் என்றோ காட்டிக் கொடுத்த ஒரு வித்தை மட்டும் நினைவில் இருந்தது. க்ரெப் போட்டு, மைனஸ் வி போட்டு, ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண் உள்ள வரிகள் காணாமல் போகும். மிச்சம் அப்படியே நிற்கும்.

தன் கார்டு எண்ணைக் கொடுத்தான். 7.1.4.

வந்ததைப் பழைய பதிவு ஃபைலின் மேலேயே எழுதிவிட்டான். கடைசியில் இரண்டே வரிகள். மச்சான். பிறகு, மேலே ஓடிப் போய்ப் பார்த்த வாட்ச்மேன்.

செத்தவன் கற்றுக் கொடுத்ததை வைத்தே செத்தவனை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் தாளில் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"தனியாத்தான் போயிருக்கார்..." என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "தற்கொலையா இருக்குமோ?"

"கொஞ்ச நாளாவே அவருக்கு மனசு சரியில்ல மேடம். நான் மாடிப் பக்கமே போறதில்ல... இல்லேன்னா தடுத்திருப்பேன்."

அப்போதுதான் மனைவி ஓடி வந்தாள். தலைவிரி கோலம்.

"என்னங்க... அண்ணா எங்கேங்க?"

அவன் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினான்.

"அழாதீங்கம்மா" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "லாகை உங்க வீட்டுக்காரர் தேடிக் குடுத்துட்டார்."

"இவரா?" கண்ணீரோடு விழித்தாள் மனைவி. "இவருக்கு அதெல்லாம் வராதே மேடம்... அண்ணாதானே செஞ்சு குடுப்பான்!"



அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! கணவன் தலைகுனியக் கூடாது என்று இத்தனை காலம் வாய் மூடி இருந்திருக்கிறாள்! கொலையைவிட அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டரம்மா தாளை நீட்டினாள்.

"வாட்ச்மேனுக்கு அப்புறம் நானும் மாடிக்குப் போனேனே... விசிட்டர் கார்டு தேய்ச்சு! என் வரி எங்கே?"

"அது... வந்து..."

"சைபர் பிரிவுல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவ நான். க்ரெப்ல புள்ளி வெச்சா, அந்த இடத்துல எது இருந்தாலும் சரின்னு அர்த்தம். ஏழு, ஏதோ ஒண்ணு, ஒண்ணு, ஏதோ ஒண்ணு, நாலு!"

தன் கழுத்தில் தொங்கிய கார்டைத் தூக்கிக் காட்டினாள். 73194.

பிறகு, முன்பே கவனித்து வைத்திருந்த அவன் கழுத்துக் கார்டைத் திருப்பிக் காட்டினாள். 7.1.4!

மனைவி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"புள்ளிக்கு முன்னாடி ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தா, அது வெறும் புள்ளின்னு அர்த்தமாகி, உங்க வரி மட்டும் போயிருக்கும். என் வரி தப்பிச்சிருக்கும்..."

விலங்கை எடுத்தாள் இன்ஸ்பெக்டரம்மா.

"மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அப்புறமா தள்ளியிருக்கலாமே சார்!"