உள்ளான் குரல்

ஒலிபெருக்கியை அணைத்த பிறகும் உள்ளான் கூவிக்கொண்டிருந்தது.

காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிடுவதற்காக, பறவைகளை வலைப்பக்கம் இழுக்க அன்செல்முவும் பெனெதிதாவும் ஒலிக்கவிடும் பதிவுதான் அது. அன்செல்மு பேட்டரியையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தேஜு நதியின் கழிமுகத்தில் நவம்பர் மாலை ஆறு மணிக்கே இறங்கிவிட்ட இருட்டில், அழுகிய உப்புச்செடிகளின் வாடைக்கும் சேற்றில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும் சத்தத்துக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நான்காவது கூவலில் ஒரு கரகரப்பு. அடுத்த சுற்றிலும் நான்காவதில் அதே கரகரப்பு. உயிருள்ள பறவை அச்சு மாறாமல் இரண்டு முறை கூவாது.

"உன் பாட்டு அதுக்கு மனப்பாடம் ஆயிடுச்சு போல," என்றாள் பெனெதிதா. அவன் மனைவி நொயேமியாவின் தங்கை. உப்பளத்து வரப்பில் மடக்குமேசை போட்டு, ஓர் உள்ளானின் காலில் வளையத்தைக் குறடால் அழுத்திக்கொண்டிருந்தாள். "நாற்பத்தெட்டு கிராம். நம்மளைவிட நல்லா சாப்பிட்டிருக்கு. எழுது."

எழுதினான்.

"கடைசி வலையை மடிச்சுட்டு வரேன். ஓதம் ஏறி கடல்தண்ணி உள்ளே வர அரைமணிதான் இருக்கு. நீ இறங்காதே."

"தெரியும்பா. ஒருத்தர் சேத்துல, ஒருத்தர் வரப்புல. சுட்டு வெச்ச கஷ்கொட்டை ஆறிப்போனா என்னைத் திட்டாதே."

அந்தச் சட்டம் அவன் வைத்தது. போன நவம்பரில் இதே சேற்றில்தான் நொயேமியா ஓதத்தோடு போனாள். அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவள் பெனெதிதா மட்டும். அவளையாவது காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை.

கடைசி வலை வாய்க்காலின் விளிம்பில் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸைச் சேறு உறிஞ்சி உறிஞ்சி விட, நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்ளேயே நடந்து போனான். வலையில் பறவை இல்லை. ஓர் இறகுகூட இல்லை. உள்ளான் கூவுவதும் நின்றிருந்தது.

"அன்செல்மு. கொஞ்சம் விளக்கைக் காட்டேன்."

நொயேமியா.

சொல்லி முடித்ததும், குளிரில் அவளுக்கு வரும் சின்ன இருமல். மறுபடியும் அதே வாக்கியம். அதே இருமல். ஏழு முறை கேட்டான். ஏழு முறையும் ஒரே நீளம். பதிவு என்று தெரிந்தது. இது எப்படி வேலை செய்யும் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பத்து வருடமாக இதைத்தான் செய்துவருகிறான்.

கால்கள் போயின.

ஐந்தாவது அடியில் தொடைவரை சேறு. முன்னால் விழுந்து கையூன்றி எழுந்தபோது நெற்றி விளக்கு சேற்றுக்குள் போயிருந்தது. வலது கால் வரவில்லை. இடதும் வரவில்லை. குரல் நின்றது. தூரத்தில் தண்ணீர் திரும்பி வரும் மெல்லிய சீறல்.

அப்போது கூப்பிட்டான். யோசிக்கவில்லை.

"பெனெதிதா, மாட்டிக்கிட்டேன். கயிறு கொண்டா."

"வரேன்..." நடுவில் ஒரு திணறல் மூச்சு. "அசையாதே."

வரப்பில் அவள் விளக்கு எழுந்தது. இறங்கியது. அவனை நோக்கி நேராக வந்தது. பாதி தூரம்.

பிறகு, வாய்க்காலின் ஆழமான பக்கத்திலிருந்து:

"பெனெதிதா, மாட்டிக்கிட்டேன். கயிறு கொண்டா."

அவன் குரல்.

விளக்கு திரும்பியது.

"அது நான் இல்லை. அங்கே போகாதே."

"எங்கடா இருக்கே? ரெண்டு பக்கமும் கேக்குது."

"இங்கே. இங்கே."

"இங்கே. இங்கே," என்றது வாய்க்கால்.

கத்தினால் அது கற்றுக்கொண்டது. கத்தாவிட்டால் அதன் குரல் மட்டும் அவளுக்குக் கேட்டது. கத்தினான். விளக்கு தயங்கியது. வாய்க்கால் பக்கம் நடந்தது. இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. முழங்கால் உயரத்துக்கு. பிறகு தண்ணீருக்கு அடியில், பச்சையாக, கொஞ்ச நேரம்.

இருட்டு.

தண்ணீர் அவன் மார்பைத் தொட்டது.

"வரேன்..." இடப்பக்கம், மிக அருகில். நடுவில் ஒரு திணறல் மூச்சு. "அசையாதே."

மூச்சு. அதே நீளம்.

"வரேன்... அசையாதே."

"வரேன்... அசையாதே."