முப்பது முட்டையிலும் இல்லாத ஆர்.என்.ஏ.

காலை மணி 9.40. விசாரணை அதிகாரி ஆய்வகத்துக்குள் கால் வைத்ததுமே பேராசிரியர் தன் ஆய்வு மாணவியைக் காட்டிக் கத்தினார்.

"போன மாசம் இருந்துச்சாம், இப்ப இல்லையாம். அப்ப இவ காட்டின முடிவு பொய்தானே?"

காணாமல் போனது ஓர் ஆர்.என்.ஏ. அது புரதம் எதையும் உண்டாக்காது. கோழிக்கருவில் சேவலாக்கும் மரபணுவை அடக்கி, கரு பெட்டையாக வளர வழிவிடுகிறது என்பது அந்த ஆய்வு மாணவியின் வாதம். பெட்டைக் கருவில் மட்டுமே அது தென்படும். புதிதாக வந்த முப்பது முட்டையில் ஒன்றில்கூட இல்லை. மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் மோசடி என்று எழுதி அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"பாதியாவது பெட்டை இருக்குமேம்மா?" என்று மாணவியிடம் கேட்டார் அதிகாரி.

"அதான் சார் மண்டை காயுது. எது ஆண், எது பெண்ணுன்னு சோதிக்க ரெண்டு நாள் கேட்டேன். தரமாட்டேங்குறார்."

"சாக்கு!" என்றார் பேராசிரியர்.

அதிகாரி பெருமூச்சு விட்டபடி குப்பை வாளியிலிருந்த ஓடுகளைக் கிளறினார். ஒவ்வோர் ஓட்டிலும் கடுகளவு வெள்ளைப் பசை.

"நீ வச்சதா?"

"இல்ல சார். வரும்போதே இருந்துச்சு. பண்ணைக்காரங்க அடையாளம்னு நெனச்சேன்."

ஆய்வகத்துக்கு முட்டை வாங்கிவரும் கிடங்குக்காரரை அழைத்தார்கள். பேராசிரியரின் மைத்துனர் அவர்.

"பழைய பண்ணைதானா?"

"புதுசு சார். ஒன்பது நாள் அடைவச்ச முட்டை, ஓசியிலயே குடுத்தான்."

"ஏன் ஓசி?"

"நல்ல மனசு."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் அந்தப் பண்ணைக்குப் போன் பேசினார். திரும்பி வந்து ஓர் ஓட்டின் பசையைக் குண்டூசியால் பெயர்த்தார். அடியில் நுண்ணிய துளை.

"முட்டையில ஓட்டை போட்டு, ஒரு துளி எடுத்துச் சோதிக்கிறாங்க. பெட்டைன்னா பண்ணையில வச்சுக்குவாங்க. சேவல்னா கழிச்சுடுவாங்க. அந்தக் கழிசலைத்தான் இவர் அள்ளிட்டு வந்திருக்கார். முப்பதும் சேவல்! அப்புறம் எங்கேருந்து வரும் அந்த ஆர்.என்.ஏ.?"

பேராசிரியர் திரும்பினார். "மச்சான், தெரியுமா உனக்கு?"

"கழிச்சதுன்னு தெரியும். பண்ணையை மாத்தாதேன்னு நீங்க சொல்லியிருந்தீங்க, அதான் வாயத் தொறக்கல."

"ஒரு வாரமா இந்தப் பொண்ணு அழுதுட்டு நிக்குது, நீ பாத்துட்டே நின்னியா?" என்றார் அதிகாரி.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு நாள் எடுத்துக்கோ."

"ரெண்டு மாசம் வேணும் சார்," என்றாள் அவள், கையுறையைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டபடி. "இனி முட்டையையும் நானே போய் வாங்கிக்கிறேன்."