விக்குகிற வண்டி

“கோளாறு இல்லை,” என்றது தீர்ப்பான்.

தில்லைநாயகி இந்தப் பதிலைக் கேட்பது இது ஐந்தாவது முறை. பெட்ரோல் காலத்து வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தவள் போடியில் அவள் ஒருத்திதான். இப்போது அது கரும்புச் சாராயத்தில் ஓடியது. தினமும் காலையில் ஏலத்தோட்டத்துப் பெண்கள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவாள். பாதி மலை ஏறியதும் எஞ்சின் விக்கும். நாலு விக்கல் விக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். போன செவ்வாய்க்கிழமை ஒரு வளைவில் விக்கியபடியே நின்று, பின்னால் உருண்டது. ஒரு பாறை தடுத்ததால் எட்டுப் பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் மலையிறங்கித் தீர்ப்பகத்துக்கு வந்துவிட்டால் போதும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அவ்வளவு அடக்கமாக ஓடிக் காட்டும்.

தீர்ப்பான் என்ற அந்தக் கருவி ‘உண்டு’ என்றால்தான் வார்ப்புக்கூடத்தில் புதுப் பாகம் வார்ப்பார்கள். உண்டு, இல்லை என்பதைத் தவிர மூன்றாவது பதில் அதற்குத் தெரியாது. நாட்டிலிருந்த லட்சம் தீர்ப்பான்களும் ஒரே பொதுமூளையின் காதுகள்தாம். கல்யாணப் பொருத்தமோ, மழையோ, நெஞ்சுவலியோ, எதைக் கேட்டாலும் ஒரு நொடியில் பதில். ‘பார்க்கலாம்’ என்று சொல்வதையே ஜனங்கள் மறந்துவிட்டிருந்தார்கள்.

“தம்பி, இது என்னையப் பொய்க்காரி ஆக்குது,” என்றாள்.

தீர்ப்பகப் பொறுப்பாளர் காசிராஜன் கையை விரித்தார். “அது இல்லைன்னுருச்சே, நான் என்னக்கா செய்ய?”

“சாயங்காலம் காய்ச்சல் வர்றவன காலையில தொட்டுப் பாத்தா சுடுமா? அத எங்கூட அனுப்புங்க. மலையேறி வந்து கேக்கட்டும்.”

“தீர்ப்பான் வாசலத் தாண்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குக்கா.”

“வாசலத்தான? சன்னல் வழியாக் குடுங்க.”

காசிராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவிர, அந்த ஏழு பெண்களில் ஒருத்தி அவர் மனைவி பவளக்கொடி. வண்டி உருண்ட அன்று அவர் சோறு தின்னவில்லை. மறுநாள் காலை, ஒரு சிறு குடம் அளவேயிருந்த அந்தக் கருவியைச் சன்னல் வழியே தூக்கிக் கொடுத்தார்.

முதல் நாள் வண்டி விக்கவில்லை. இரண்டாம் நாளும் விக்கவில்லை. இத்தனை நாள் ‘நிக்காம போயிரணும் தாயே’ என்று கும்பிட்ட பெண்கள், “ஒரே ஒரு விக்கல் குடு தாயே” என்று வேண்டத் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் பனிமூட்டம். பதினோராம் வளைவில் எஞ்சின் விக்கியது. பின்னாலிருந்த ஏழு பேரும் குலவையிட்டார்கள். தில்லைநாயகி பிரேக்கை மிதித்தபடி, “கேட்டியா? இப்பக் கேட்டியா?” என்று கத்தினாள்.

“உண்டு,” என்றது தீர்ப்பான். எஞ்சின் சரியாகிவிட்டது. “இல்லை,” என்றது. எஞ்சின் மறுபடி விக்கியது. “உண்டு. இல்லை. உண்...”

பேச்சு நின்றுபோனது. பதினொரு நிமிடம் சத்தமே இல்லை. ஒரு நொடியில் பதில் சொல்கிற கருவி! செத்துப்போய்விட்டதோ, காசிராஜனுக்கு என்ன சொல்வது என்று தில்லைநாயகி பதறினாள். பிறகு, புதிதாகப் பேசப் பழகும் குழந்தைபோல் அது சொன்னது:

“சில... நேரம்.”

எஞ்சினின் மூன்றாம் உருளைக்குத் தீப்பொறி கொடுக்கும் சுருளில் மயிரிழை வெடிப்பு. சூடேறினால் விரிகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது என்று விளக்கமும் கொடுத்தது. மதியத்துக்குள் புதுச் சுருள் வந்துவிட்டது. அதன்பின் வண்டி விக்கவே இல்லை.

விக்கியது நாடுதான். பொதுமூளை கற்றுக்கொண்ட சொல் மறுநாளே லட்சம் தீர்ப்பான்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. “இன்று மழை உண்டா?” “சில நேரம்.” “இவர்கள் இருவருக்கும் பொருத்தம் உண்டா?” “சில நேரம்.” தேனியில் ஒரு சம்பந்தியம்மா மயங்கி விழ, மணமக்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். பத்து வருடமாக ‘வலி இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட ஓர் ஆசிரியர், ‘சில நேரம்’ என்ற பதில் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு வாழைத்தாரோடு தில்லைநாயகியின் வீடு தேடி வந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மிடுக்காகப் போய் நின்றாள். காசிராஜன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “இவருக்கு வண்டி ஓட்டத் தகுதி உண்டா?”

“சில நேரம்,” என்றது தீர்ப்பான்.

“என்னது!”

“மூன்று நாள் உங்களோடு வந்தேன். தனியாக ஓட்டும்போது குறையில்லை. பவளக்கொடி கதை சொன்னால் உங்கள் தலை பின்னால் திரும்புகிறது. முதலில் சிரிக்கிறீர்கள், அப்புறம்தான் பிரேக் பிடிக்கிறீர்கள்.”

அபாண்டம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். இதே அறையில்தான் உண்மையைச் சொல்லச் சொல்லி அதனோடு ஐந்து முறை மல்லுக்கு நின்றிருக்கிறாள். வாயை மூடிக்கொண்டாள்.

“மூணு மாசத்துக்கு மட்டும் தர்றேன்க்கா,” என்றார் காசிராஜன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “நான் அவகிட்டயும் சொல்லி வைக்கிறேன்.”

“சரி, கோளாறுதான் தெரிஞ்சுபோச்சுல்ல?” தில்லைநாயகி கருவியின் பக்கம் திரும்பினாள். “எனக்கும் ஒரு பாகத்த வாத்துக் குடு. மாட்டிக்கிறேன்.”

இம்முறை அது யோசிக்கவே இல்லை.

“இந்த மாடலுக்கு உதிரிப் பாகம் வருவதில்லை.”