துணையெலும்பு

கல்லறைத் திருநாளன்று தூத்துக்குடிக்காரர்கள் கல்லறைக்குப் போவதை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. போவதற்குக் கல்லறை இல்லை. கடல் ஏறி வந்து கல்லறைத் தோட்டத்தை விழுங்கிய வருடம், சவப்பெட்டிகள் உப்பளம் வரைக்கும் மிதந்தன. யாருடைய அப்பன் யார் வீட்டு வாசலில் ஒதுங்கினான் என்று தெரியாமல் ஊரே அழுதது. அதற்குப் பிறகு செத்தவர்களைக் கடலிலேயே இறக்கிவிடுகிறார்கள். திருநாளன்று பார்வைக்கூடத்தில் மெழுகுதிரியோடு உட்கார்ந்து, வீட்டுக்கு ஒரு திரையில், ஆயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் தங்கள் ஆட்களை ஆழ்கண் என்ற கடலடிக் கேமரா வழியாகப் பார்க்கிறார்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். எலும்பெல்லாம் வேரூன்றி, செக்கச்செவேல் என்று விரிந்து ஆடும் எலும்புமலர்கள். பூ என்று பேர்தானே ஒழிய, அது புழு. வாய் கிடையாது, வயிறு கிடையாது, கண் கிடையாது. வேரிலிருந்து அமிலம் கசியவிட்டு எலும்பைக் கரைத்து உறிஞ்சும். நாம் பார்க்கிற அத்தனையும் பெண். ஆண்கள் தூசியளவில், ஒருத்தியின் குழாய்க்குள்ளேயே நூறு பேராகக் குடியிருந்து காலத்தை ஓட்டிவிடுவார்கள்.

செத்த திமிங்கிலங்களை நம்பிப் பிழைத்துக் கிடந்த இந்த உயிரை மனித எலும்புக்குப் பழக்கியவள் கடலுயிர் ஆராய்ச்சிக்காரி ரெனிட்டா. ஆழ்கல்லறை என்ற ஏற்பாடே அவளுடைய யோசனைதான், நிர்வாகமும் அவள் கையில்தான். உடல் இறங்கிய முதல் நாற்பது நாள் திரையை மூடி வைக்க வேண்டும் என்பதும் அவள் போட்ட விதி. சதையைத் தேடி வரும் பிராணிகளைக் குடும்பத்தார் பார்க்க வேண்டாமே! திரை திறக்கும்போது பூ மட்டும் இருக்கும்.

அந்த வருடத் திருநாளில் அவளும் குடும்பத்தாரில் ஒருத்தியாக அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா கஸ்பார் மச்சாது, முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டியவர். திரையில் இருந்தது அம்மா ஜெசிந்தா.

"ஏட்டி, போன வருசம் இருவதுக்கு மேல நின்னுச்சே. இப்ப நாலுதான இருக்கு?"

"எலும்பு தீந்துட்டுப்பா. ஒம்பது வருசம் ஆச்சில்லா."

"தீந்தா?"

"இதுவும் போயிரும். வெறுங்கல்லுதான் கெடக்கும்."

கஸ்பார் உருகிச் சாய்ந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தார். பிறகு கேட்டார், "அப்ப உங்கம்மா இன்னொரு மட்டம் சாவணுமா?"

ரெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. எலும்பு எத்தனை வருடம் தாங்கும் என்று அவள் துல்லியமாகக் கண்டுபிடித்திருந்தாள். அத்தனை வருடத்தில் துக்கம் ஆறிவிடும் என்று மட்டும் யாரையும் கேட்காமல் முடிவு செய்திருந்தாள். முதலில் இறங்கியவர்களின் பூக்கள் உதிரத் தொடங்கியதிலிருந்தே ஊரார் அவளிடம் வந்து அழுதுகொண்டுதான் இருந்தார்கள். மாட்டெலும்பு போடலாமா என்று ஒருமுறை அவள் கேட்கப் போய், "மாட்டெலும்பு போட்டு வளக்க எங்கய்யா என்ன நாயா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் அவள் அந்த யோசனையில் இறங்கவில்லை. தன் வீட்டுப் பூ உதிரும்போதுதான் இறங்கினாள்.

ஜனவரியில் துணையெலும்பு விதி வந்தது. அறுவைச் சிகிச்சையில் நீக்கிய எலும்பை ஆழ்கல்லறையில் சேர்க்கலாம். ஆனால் அது குடும்பத்தாருடையதாக மட்டுமே இருக்க வேண்டும். தேய்ந்த இடுப்பு மூட்டு, விபத்தில் போன விரல், இப்படி எப்படியும் ஆஸ்பத்திரியில் எரிக்கப்போவதுதானே என்று நினைத்தாள். நல்ல மனசோடுதான் எழுதினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்று யார் கண்டது?

ஜூனில் கஸ்பாருக்கு வலது பாதத்தில் சிப்பி கிழித்தது. இருபது வருடச் சர்க்கரை உடம்பு. காயக்கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னபோதெல்லாம், "ஆறிட்டு வருது, நீ ஒன் சோலியப் பாரு" என்று விரட்டினார். அவளும் கப்பலும் கடலுமாக அலைந்ததில் நம்பிவிட்டாள். ஆகஸ்டில் மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும்மா. இன்சுலின எப்ப நிறுத்தினார்னு தெரியுமா?"

நிறுத்தினார் என்பதே அவளுக்குத் தெரியாது. வார்டுக்கு ஓடினாள். கஸ்பார் தலையணைக்கு அடியிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். துணையெலும்புக்கான படிவம். அவளே வாசகம் எழுதியது. கடைசி வரியில் அவருடைய கையெழுத்து, அதன் கீழே தேதி. அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்பா, இது ஜனவரில போட்டிருக்கு."

"ஆமா. ஃபாரம் வந்த அன்னைக்கே வாங்கிட்டேன்."

"அப்ப காலு நல்லாத்தான இருந்துச்சு!"

"இருந்துச்சு" என்றார் கஸ்பார், சாதாரணமாக. "என்ன செய்ய? நல்ல கால வெட்ட மாட்டாங்கல்லா."

ரெனிட்டா கத்தினாள், அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். படிவத்தில் அனுமதிக் கையெழுத்து அவளுடையதுதான் வேண்டும். கால் எப்படியும் போகப் போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு போட்டாள். அன்றைக்குத் தன்னை வெறுத்தது போல அவள் என்றைக்கும் வெறுத்ததில்லை.

அடுத்த திருநாளில் கூடமே ஜெசிந்தாவின் திரையைத்தான் பார்த்தது. புது எலும்பின் மேல் முப்பத்தொரு பூ, ஊட்டமான சிவப்பில் ஆடிக்கொண்டிருந்தன. சக்கர நாற்காலியில் கஸ்பார் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியாட்டி, உங்கம்மா எப்படிச் செழிச்சுட்டா!" என்றவர் இடது தொடையைத் தட்டினார். "இது தீந்தா என்ன, இன்னொண்ணு இருக்கு."

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள். கூடம் முழுக்கக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அப்பா, அது அம்மா இல்ல. ஒரு புழு நாலு வருசங்கூடத் தாங்காது. அதோட குஞ்சு தண்ணில மெதந்து, எந்த எலும்பு கெடைக்கோ அதுல ஒட்டிக்கிடும். உங்க காலுல நிக்கிறது பாதிக்கு மேல, பக்கத்துல எறக்குன ரொட்ரிகோ மாமா எலும்புல பூத்தது வழி வந்தது. மரபணு பாத்திருக்கேன். மொதல்லருந்தே எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் மனசு ஒடஞ்சிருமேன்னு சொல்லல."

அப்பா உடைந்து அழுவார், அழட்டும், அந்த இடது காலாவது மிஞ்சும் என்று அவள் காத்திருந்தாள். கஸ்பார் திரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"அப்ப என் காலு ரொட்ரிகோவுக்கும் சேந்து ஒழைக்குன்னு சொல்லு."

பின்வரிசையில் ரொட்ரிகோவின் மனைவி பெர்னதெத் எழுந்தாள். அவளுடைய திரை வெறுங்கல்லாகி இரண்டு வருடம் ஆகிறது. தடுமாறி வந்து கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க ஆளு இன்னும் இருக்காகளா அண்ணாச்சி? இங்கனதான் இருக்காகளா?"

அவள் அழுதது மகிழ்ச்சியில். அவளுக்குப் பின்னால், திரை அணைந்துபோன மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது ரெனிட்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை பார்வைக்கூடத்து அலுவலகத்தில் அவள் மேசைக்கு ஒரு மனு வந்தது. துணையெலும்பு விதியில் 'குடும்பத்தார்' என்று இருப்பதை 'ஊரார்' என்று மாற்ற வேண்டும். அடுத்த திருநாளுக்குள் கூடத்து வாசற்படிகளை இடித்து, சக்கர நாற்காலிகள் ஏறும்படி சரிவாக்கித் தர வேண்டும். இருநூற்றுப் பதினாறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். அத்தனை பேரும் அன்று காலை மனுக் கொடுக்க அந்தப் படிகளில் நடந்து ஏறித்தான் வந்திருந்தார்கள்.